ஹெவி லைசென்ஸ், பேட்ஜ், கேஸ் வண்டி எண்டார்ஸ்மென்ட்: யாருக்கு வேண்டும், எப்படி எடுப்பது? செட்டிநாட்டு டிரைவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

“அண்ணே, பிக்கப் ஓட்டப் போறேன், பேட்ஜ் எடுக்கணுமாமே, எவ்வளவு ஆகும்?”

காரைக்குடியில் நான் வண்டி வைத்திருக்கிறேன் என்று தெரிந்த நாளிலிருந்து இந்தக் கேள்வி வராத மாதம் இல்லை. கேட்பவர் பெரும்பாலும் ஒரு புரோக்கரிடம் முன்பணம் கொடுத்துவிட்டுத்தான் என்னிடம் வருவார். பேட்ஜ் என்று நம் ஆட்கள் சொல்வது, வணிக வண்டி ஓட்ட லைசென்ஸில் பதியும் தனி அனுமதியை, அதாவது எண்டார்ஸ்மென்ட்டை. அவருக்கு அது தேவையே இருக்காது. இன்னொரு பக்கம், தீபாவளிக்கு முன்னால் சிவகாசியிலிருந்து குட்டியானை நிறைய பட்டாசு ஏற்றிக்கொண்டு வரும் தம்பிக்கு ஒரு எண்டார்ஸ்மென்ட் கட்டாயம் வேண்டும், அவர் அப்படி ஒன்று இருப்பதாகவே கேள்விப்பட்டிருக்க மாட்டார். வேண்டாதவர் காசு கட்டுகிறார், வேண்டியவர் சும்மா ஓட்டுகிறார். எனவே எப்படி எடுப்பது என்பதற்கு முன்னால் உங்களுக்கு வேண்டுமா என்பதைப் பார்த்துவிடுவோம்.

நான் கிளீனராக ஏறி, டிரைவராகி, இப்போது ஒரு குட்டியானை, ஒரு பிக்கப், ஒரு ஆறு வீல் லாரி வைத்திருக்கிறேன். ஆத்தங்குடிக் கல்லும் புதுவயல் அரிசியும்தான் நம்ம லோடு. வக்கீல் இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் நிறையவே அலைந்திருக்கிறேன்.

முதல் வேலை: ஆர்.சி.யை எடுத்து எடையைப் பாருங்கள்

லைசென்ஸை அப்புறம் பார்க்கலாம். நீங்கள் ஓட்டப்போகும் வண்டியின் ஆர்.சி.யில், அதாவது பதிவுச் சான்றில், மொத்த எடை என்று ஒரு எண் இருக்கும். வண்டியும் அது ஏற்றலாம் என்று அனுமதித்த சரக்கும் சேர்ந்த எடை அது. வெறும் வண்டியின் எடை தனியாக இருக்கும், அதோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள், சரக்கு வண்டிக்கும் வேன், பஸ்ஸுக்கும் மொத்த எடைதான் கணக்கு. அது 7,500 கிலோவுக்குள் இருந்தால் வண்டி சட்டத்தின் பார்வையில் இலகு ரக வாகனம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(21) பிரிவு சொல்வது இதுதான். மஞ்சள் போர்டாக இருந்தாலும், வாடகைக்கு ஓடினாலும், எடை அந்த வரம்புக்குள் இருந்தால் அது இலகு ரகம்தான்.

குட்டியானை, தோஸ்த், பொலிரோ பிக்கப், டாக்சி கார் எல்லாம் இதற்குள் சுலபமாக அடங்கிவிடும். பிள்ளையார்பட்டி, குன்றக்குடி என்று சுற்றுலா ஆட்களை ஏற்றிப்போகும் 12 சீட்டு வேனும் பொதுவாக இதற்குள்தான் வரும். 14 அடி பாடி கட்டிய வண்டிகளில்தான் குழப்பம். ஒரே கம்பெனி, பார்க்க ஒரே மாதிரி வண்டி, ஒரு மாடல் 7,490 கிலோ என்று கோட்டுக்குள் நிற்கும், அடுத்த மாடல் தாண்டிவிடும். கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், ஆர்.சி.யைப் பாருங்கள்.

இப்போது முக்கியமான சங்கதி. 7,500 கிலோவுக்கு உட்பட்ட வணிக வண்டியை ஓட்ட, சாதாரண கார் லைசென்ஸ், அதாவது எல்.எம்.வி., போதும். தனி எண்டார்ஸ்மென்ட் தேவையில்லை. 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் முகுந்த் தேவாங்கன் வழக்கில் இதைச் சொன்னார்கள். 2018-ல் மத்திய போக்குவரத்து அமைச்சகமும் அதன்படி நடக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது. இன்சூரன்ஸ் கம்பெனிகள் விடவில்லை, தீர்ப்பு தவறு, மறுபடி பாருங்கள் என்று போனார்கள். கடைசியில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6 அன்று அதே பதிலை உறுதி செய்துவிட்டது. எல்.எம்.வி. வைத்திருக்கும் டிரைவர்களால்தான் விபத்து கூடுகிறது என்று காட்ட கம்பெனிகளிடம் எந்தப் புள்ளிவிவரமும் இல்லை என்பதையும் நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள்.

ஆக, பிக்கப் ஓட்டப்போகும் தம்பிக்குப் பதில்: பேட்ஜ் வேண்டாம், கட்டிய முன்பணத்தைத் திரும்ப வாங்கு. ரோட்டில் நிறுத்திக் கேட்டால் இந்தத் தீர்ப்பின் தேதியைச் சொல்லுங்கள். நான் அந்தத் தீர்ப்புச் செய்தியை ஒரு பக்கம் பிரிண்ட் எடுத்து பிக்கப் டேஷ்போர்டில் இன்சூரன்ஸ் காப்பியோடு வைத்திருக்கிறேன், இரண்டு தடவை உதவியிருக்கிறது.

யாருக்குக் கட்டாயம் வேண்டும்

மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டிய எந்த வணிக வண்டிக்கும் வேண்டும். ஆறு வீல், பத்து வீல், டாரஸ், டிப்பர், பஸ் எல்லாம் இதில் வரும். சட்டத்தின் 3-ஆம் பிரிவு, போக்குவரத்து வாகனம் ஓட்ட லைசென்ஸில் அதற்கென்று தனியாக அனுமதி இருக்க வேண்டும் என்கிறது. நாம் ஹெவி லைசென்ஸ் என்று சொல்வது இதைத்தான். 1994 வரை மீடியம் சரக்கு, மீடியம் பயணிகள், ஹெவி சரக்கு, ஹெவி பயணிகள் என்று நான்கு தனி வகை இருந்தது, அந்த வருடத் திருத்தத்தில் நான்கையும் சேர்த்துப் போக்குவரத்து வாகனம் என்று ஒரே வகையாக்கினார்கள். கார்டில் ‘டிரான்ஸ்’ என்று சுருக்கமாக இருக்கும். பழைய ஆட்கள் இன்னமும் “எங்கிட்ட ஹெச்.ஜி.வி. (ஹெவி சரக்கு) இருக்கு” என்பார்கள், பழக்கதோஷம்.

இன்னொரு கூட்டம், ஆபத்தான சரக்கு ஏற்றுபவர்கள். பெட்ரோல், டீசல், கேஸ், ஆசிட், பட்டாசு போன்றவை. இவர்களுக்குச் சட்டம் வேறு. 2024 தீர்ப்பைக் காட்டி இவர்கள் தப்ப முடியாது, ஆபத்தான சரக்குக்கான சிறப்புத் தகுதிகள் அப்படியே இருக்கும் என்று தீர்ப்பே சொல்கிறது. இதைப் பற்றிக் கீழே தனியாக எழுதுகிறேன்.

பள்ளி பஸ்ஸுக்கு 2012-ல் தமிழ்நாடு அரசு தனி விதிகள் போட்டிருக்கிறது. அங்கே வேலைக்குச் சேருபவர்கள் லைசென்ஸோடு அனுபவம், மருத்துவத் தகுதி பற்றியும் நிர்வாகத்திடம் கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள்.

ஹெவி எடுக்க: வயதுக் கணக்கை முதலில் போடுங்கள்

போக்குவரத்து வாகனம் ஓட்டக் குறைந்தபட்ச வயது 20. அதற்கு எல்.எல்.ஆர்., அதாவது பழகுநர் உரிமம், வாங்கவே, எல்.எம்.வி. லைசென்ஸ் கையில் வந்து ஒரு வருடம் முடிந்திருக்க வேண்டும். இந்த இரண்டு நிபந்தனையையும் சேர்த்துப் பாருங்கள். 18-ல் கார் லைசென்ஸ் எடுத்தவர் 19-ல் ஒரு வருடத்தை முடித்துவிடுவார், ஆனாலும் 20 ஆகும் வரை காத்திருக்க வேண்டும். 24-ல் கார் லைசென்ஸ் எடுத்தவருக்கு வயது பிரச்சினை இல்லை, 25 வரை அந்த ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

இங்கே நிறையப் பேர் சறுக்குகிறார்கள். தேவகோட்டைப் பக்கத்துப் பையன் ஒருவர் ஆறு வருடமாக லைசென்ஸ் இருக்கிறது என்று வந்தார். கார்டை வாங்கிப் பார்த்தால் ‘எம்.சி.டபிள்யூ.ஜி.’ மட்டும்தான். பைக் லைசென்ஸ்! ஆறு வருடம் என்ன, அறுபது வருடம் பைக் ஓட்டியிருந்தாலும் கணக்கில் வராது. அவர் கார் லைசென்ஸ் எடுத்து, ஒரு வருடம் காத்திருந்து, பிறகுதான் ஹெவிக்குப் போனார். நீங்களும் கார்டின் பின்பக்கத்தைத் திருப்பி எல்.எம்.வி.க்கு நேரே இருக்கும் தேதியைப் பாருங்கள். முன்பக்கத் தேதி முதன்முதலில் லைசென்ஸ் வாங்கியதன் தேதி, அது பைக்குக்கானதாக இருக்கலாம்.

படிப்பு? எட்டாம் வகுப்பு வேண்டும் என்ற விதியை 2019-லேயே எடுத்துவிட்டார்கள். பள்ளிச் சான்றிதழ் ஏற்பாடு செய்து தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

டாக்டர் சான்று: படிவம் 1-ஏ

சொந்த உபயோக லைசென்ஸுக்கு 40 வயது வரை நாமே எழுதிக்கொடுக்கும் உறுதிமொழி போதும். போக்குவரத்து வாகனத்துக்கு எந்த வயதிலும் பதிவு பெற்ற டாக்டர் பரிசோதித்துக் கொடுக்கும் 1-ஏ வேண்டும், புதுப்பிக்கும்போதும் வேண்டும். அதில் இரண்டு கேள்விகள்தான் நம் ஆட்களை மாட்டிவிடும். கடுமையான அல்லது முழுமையான நிறக்குருடு இருக்கிறதா என்பது ஒன்று. நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்திலிருந்து காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா என்பது இன்னொன்று.

இரண்டாவதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். வண்டியைத் தெருவில் நிறுத்திவிட்டு அதிலிருந்து சாதாரணமாக 35 எட்டு வைத்து நடங்கள், கிட்டத்தட்ட 25 மீட்டர் வரும். திரும்பி நின்று எண்ணைப் படியுங்கள். கண்ணைச் சுருக்கினால்தான் தெரிகிறது என்றால் டாக்டரிடம் போவதற்கு முன்னால் கண்ணாடிக் கடைக்குப் போங்கள். கண்ணாடி போட்டுத் தெரிந்தால் தவறில்லை, போட்டுக்கொண்டு ஓட்டலாம். எங்களிடம் இருந்த ஒரு அண்ணன், வயது 48, இருபத்தைந்து வருட அனுபவம், கண்ணாடி போட்டால் டிரைவர் மரியாதை போய்விடும் என்று பிடிவாதமாக இருந்தார். ராத்திரியில் எதிர் லாரியின் லைட்டு கூசுகிறது என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருப்பார். கடைசியில் கண்ணாடி போட்டார், “அடேயப்பா, திருமயம் கோட்டைக் கல்லு ஒண்ணொண்ணாத் தெரியுதுடா” என்றார்.

ஆளைப் பார்க்காமலே 1-ஏ கையெழுத்தாகிக் கிடைக்கும் வழி உண்டு, உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். விபத்து கேஸ் கோர்ட்டுக்குப் போனால் அந்தக் கையெழுத்து உங்களைக் காப்பாற்றாது.

எல்.எல்.ஆர். விண்ணப்பமும் டிரைவிங் ஸ்கூலும்

மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் சாரதி என்ற பகுதிக்குப் போய், தமிழ்நாடு என்று தேர்ந்தெடுத்து, ஏற்கெனவே இருக்கும் லைசென்ஸ் எண்ணைப் போட்டு விண்ணப்பிக்க வேண்டும். புதிய லைசென்ஸ் என்று போட்டுவிடாதீர்கள். இருக்கும் லைசென்ஸில் புதிய வகை சேர்ப்பதுதான் நீங்கள் கேட்பது. தப்பான இடத்தில் விண்ணப்பித்து, பணமும் கட்டி, ரத்து செய்ய அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நம் பக்கத்துக்கு சிவகங்கை வட்டாரப் போக்குவரத்து அலுவலகமும் அதன் கீழ் காரைக்குடி பகுதி அலுவலகமும். திருமயம், அரிமளம் பக்கம் என்றால் புதுக்கோட்டை. வேலைக்காகக் கோயம்புத்தூரிலோ சென்னையிலோ இருக்கிறீர்களா? 2019 திருத்தத்துக்குப் பிறகு மாநிலத்துக்குள் எந்த லைசென்ஸ் அதிகாரியிடமும் விண்ணப்பிக்கலாம், டெஸ்ட்டுக்காக ஊருக்கு பஸ் ஏற வேண்டியதில்லை.

கட்டணம்: எல்.எல்.ஆர்.க்கு ஒரு வகைக்கு 150 ரூபாய், ஓட்டும் தேர்வுக்கு 300, லைசென்ஸில் புது வகை சேர்க்க 500. இது மத்திய மோட்டார் வாகன விதிகளில் இருப்பது. இதற்கு மேல் கார்டு, சேவைக் கட்டணம் என்று சேருவதை தளமே கணக்குப் போட்டுக் காட்டும், ரசீதும் வரும். டிரைவிங் ஸ்கூல் பீஸ் வேறு. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து “மொத்தம் இவ்வளவு” என்று சொல்பவரிடம், அரசுக் கட்டண ரசீதைத் தனியாகக் கேளுங்கள். முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

ஸ்கூலே வேண்டாம், எனக்கு லாரி ஓட்டத் தெரியும் என்பவர்கள் கவனிக்கவும். கிளீனராக ஐந்து வருடம் போய் ஓட்டக் கற்றவராக இருந்தாலும், போக்குவரத்து வாகன லைசென்ஸுக்கு அங்கீகாரம் பெற்ற ஸ்கூல் தரும் படிவம் 5 சான்று கட்டாயம். விதிப்படி பயிற்சி 30 நாளுக்குக் குறையக்கூடாது, அதில் ஸ்டியரிங் பிடித்து ஓட்டும் நேரம் 15 மணிக்குக் குறையக்கூடாது. நடைமுறையில் எத்தனை ஸ்கூல் அந்தப் பதினைந்து மணி நேரத்தைக் கொடுக்கிறது என்று கேட்காதீர்கள். சேரும்போதே “எத்தனை நாள் வண்டியில் உட்கார வைப்பீர்கள், எந்த ரூட்” என்று கேட்டு, பதில் தெளிவாக வரும் இடத்தில் சேருங்கள். கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனம் நடத்தும் கனரகப் பயிற்சி மையம் இருக்கிறது. வயது குறைந்த பையன்களுக்கு, தங்கிப் படிக்க வசதிப்பட்டால், நான் அதைத்தான் சொல்வேன்.

2021 ஜூலையிலிருந்து அங்கீகரிக்கப்பட்ட ஓட்டுநர் பயிற்சி மையம் என்று ஒரு புதிய வகை வந்திருக்கிறது. அங்கே கனரகத்துக்கு ஆறு வாரத்தில் 38 மணி நேரப் பயிற்சி, முடித்தால் ஆர்.டி.ஓ.விடம் ஓட்டிக்காட்டும் தேர்வு இல்லை. சாதாரண டிரைவிங் ஸ்கூல்காரர் “நம்மகிட்ட சேர்ந்தா டெஸ்ட் கிடையாது” என்றால் அந்த அங்கீகாரச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள்.

டெஸ்ட் நாள்

எல்.எல்.ஆர். கிடைத்து 30 நாள் முடிந்த பிறகுதான் டெஸ்ட். எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும், அதற்குள் முடிக்க வேண்டும்.

காருக்கு ‘ஹெச்’ போட்டவர்கள் ஹெவிக்கும் அப்படி ஒன்றை மனப்பாடம் செய்யப் பார்ப்பார்கள். பிரேக் இன்ஸ்பெக்டர், அதாவது டெஸ்ட் எடுக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர், பார்ப்பது வேறு. வண்டியில் ஏறுவதற்கு முன்னால் டயரையும் அடியில் ஆயில் ஒழுகியிருக்கிறதா என்பதையும் ஒரு சுற்று பார்க்கிறீர்களா, கண்ணாடிகளைச் சரி செய்கிறீர்களா, சீட் பெல்ட் போடுகிறீர்களா என்பதில் ஆரம்பிக்கும். ஏர் பிரேக் வண்டியில் ஸ்டார்ட் செய்த உடனே கியர் போடுபவர் பாதி தோற்றுவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரஷர் காட்டும் முள் ஏறி, எச்சரிக்கை பஸ்ஸர் நிற்கும் வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரம் உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்கு ஒரு யுகம் மாதிரி இருக்கும். பக்கத்தில் இன்ஸ்பெக்டர் பேசாமல் உட்கார்ந்திருப்பார், பின்னால் அடுத்த ஆள் எட்டிப் பார்ப்பார், கை தானாகக் கியருக்குப் போகும். போக விடாதீர்கள். நான் முதல் தடவை ஃபெயிலானதே இதில்தான்.

அப்புறம் மேட்டில் நிறுத்தி, பின்னால் உருளாமல் எடுக்கச் சொல்வார்கள். ரிவர்ஸில் நேராகப் போகச் சொல்வார்கள், கண்ணாடியை மட்டும் நம்பி எடுக்கத் தெரிய வேண்டும், கிளீனர் “வா வா” என்று சொல்ல அங்கே ஆள் கிடையாது. திரும்பும்போது பின்சக்கரம் உள்வாங்கும் தூரத்தைக் கணக்கில் வைக்காமல் கார் மாதிரி ஒடிப்பவர்கள் ஓரத்துக் கல்லில் ஏற்றிவிடுவார்கள்.

தோற்றால் ஏழு நாள் கழித்து மறுபடி போகலாம். மூன்று தடவை தோற்றால் 60 நாள் காத்திருக்க வேண்டும். அவமானமில்லை, ஆனால் எல்.எல்.ஆர். ஆறு மாதக் கணக்கு உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும், அதை மறக்க வேண்டாம்.

கார்டில் இரண்டு தேதி

லைசென்ஸ் வந்ததும் ‘என்.டி.’ என்று ஒரு தேதியும் ‘டி.ஆர்.’ என்று ஒரு தேதியும் இருக்கும். முதலாவது சொந்த உபயோக வண்டிகளுக்கு, பல வருடம் தள்ளி இருக்கும். இரண்டாவது போக்குவரத்து வாகனத்துக்கு, ஐந்து வருடம்தான். முன்பு மூன்று வருடமாக இருந்ததை 2019 திருத்தத்தில் ஐந்தாக்கினார்கள். கண் எப்போதும் தூரத்துத் தேதியில்தான் போய் நிற்கும், அதுதான் வினை.

என்னிடம் ஆறு வீல் ஓட்டிய டிரைவர் புதுவயல் மில்லில் அரிசி ஏற்றித் திருச்சிக்குப் போனார். லெம்பலக்குடி டோல் தாண்டி நிறுத்தினார்கள். டி.ஆர். தேதி முடிந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. அவருக்கு லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதற்கு 5,000, செல்லாத லைசென்ஸ்காரரிடம் வண்டியைக் கொடுத்ததற்கு எனக்கு 5,000. “முடிஞ்சா ஒரு மாசம் டைம் உண்டேண்ணே” என்றார் அவர். உண்மைதான், முன்பு 30 நாள் சலுகை இருந்தது. 2019-ல் அதை எடுத்துவிட்டார்கள் என்பது எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. ஒன்றரை மாதம் ஆனதற்கு அந்தச் சலுகை இருந்திருந்தாலும் உதவியிருக்காது, அது வேறு விஷயம்.

இப்போதைய விதி இப்படி: தேதி முடிவதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். முடிந்த பிறகும் ஒரு வருடத்துக்குள் டெஸ்ட் இல்லாமல் புதுப்பிக்கலாம், தாமதக் கட்டணம் சேரும், ஆனால் அந்த இடைவெளியில் ஹெவி ஓட்டக்கூடாது. ஒரு வருடம் தாண்டினால் மறுபடி டெஸ்ட், மறுபடி ஏர் பிரஷர் முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். டி.ஆர். முடிந்து எல்.எம்.வி. தேதி உயிரோடு இருப்பவர், புதுப்பிக்கும் வரை 7,500 கிலோவுக்குள் இருக்கும் வண்டியை ஓட்டிக்கொண்டிருக்கலாம். அந்த மாதம் எங்கள் டிரைவர் பிக்கப்பில் ஆத்தங்குடிக் கல் ஏற்றினார், நான் லாரிக்கு வேறு ஆள் தேடினேன்.

கேஸ், பெட்ரோல், ஆசிட், பட்டாசு

மத்திய மோட்டார் வாகன விதிகளின் 9-ஆம் விதி இதைச் சொல்கிறது. இங்கே கல்வித் தகுதி என்று ஒன்று இன்னமும் உண்டு: ஒரு இந்திய மொழியும் ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும். நமக்குத் தமிழ் இருக்கிறது, ஆங்கிலம் எதற்கு என்று கேட்கலாம். டேங்கர் பின்னால் ஒட்டியிருக்கும் எச்சரிக்கைப் பலகையிலும் ரசாயனக் கம்பெனி கொடுக்கும் தாளிலும் ஆங்கிலம்தானே இருக்கிறது.

அதோடு மாநில அரசு அங்கீகரித்த நிலையத்தில் மூன்று நாள் பயிற்சி. தற்காப்போடு ஓட்டுவது, மேம்பட்ட ஓட்டும் திறன், ஏற்றும் பொருளின் பாதுகாப்பு என்று மூன்று பகுதி. முடித்தால் சான்று தருவார்கள். அந்தச் சான்றையும் லைசென்ஸையும் வைத்து விண்ணப்பித்தால் ஆபத்தான சரக்கு ஏற்றும் வண்டி ஓட்ட அனுமதி என்று லைசென்ஸில் பதிவார்கள், கட்டணம் 100 ரூபாய். செல்லுபடி மூன்று வருடம், முன்பு ஒரே வருடம்தான். புதுப்பிக்கும்போது மறுபயிற்சிச் சான்று கேட்பார்கள், கடைசி வாரத்தில் ஓடினால் பயிற்சித் தேதி கிடைக்காது, இரண்டு மாதம் முன்பே கேட்டு வைத்துவிடுங்கள்.

லைசென்ஸில் பதிந்ததோடு வேலை முடியாது. டிரெம் கார்டு என்று ஒரு தாள் டிரைவர் கேபினில் இருக்க வேண்டும். என்ன சரக்கு, கசிந்தால் என்ன செய்வது, கண்ணில் பட்டால் என்ன செய்வது, யாரை அழைப்பது என்பதெல்லாம் அதில் இருக்கும். சரக்கு அனுப்புபவர்தான் விவரம் தர வேண்டும், தரவில்லை என்றால் ஏற்ற மாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அந்தத் தாளை சீட்டுக்கு அடியில் தார்ப்பாய்க் கயிற்றோடு சுருட்டி வைக்காதீர்கள். வண்டி கவிழ்ந்தால் தீயணைப்பு ஆட்கள் முதலில் தேடுவது அதைத்தான்.

இப்போது அந்தக் குட்டியானைத் தம்பி. வண்டி சின்னது, எல்.எம்.வி. போதும், ஆனால் ஏற்றுவது வெடிபொருள். வண்டியின் அளவு இங்கே பேசாது, சரக்குதான் பேசும். இரண்டு பெட்டி வீட்டுக்கு வாங்கி வருவது வேறு, கடைக்காக வண்டி நிறைய ஏற்றுவது வேறு. பின்னதற்கு டிரைவருக்கு மேற்படி பதிவும், வண்டிக்கும் சரக்குக்கும் வெடிபொருள் விதிப்படி தனி அனுமதியும் வேண்டும். அதெல்லாம் இருக்கும் லாரி ஆபீஸ் மூலம் சரக்கை வரவழையுங்கள், வாடகை கூடத்தான் ஆகும்.

ஓனர்களுக்குக் கொஞ்சம்

டிரைவர் கார்டைக் காட்டினால் போட்டோ எடுத்துவிட்டு அனுப்பாதீர்கள். பரிவாகன் தளத்தில் லைசென்ஸ் எண்ணும் பிறந்த தேதியும் போட்டால் எந்த வகைகள், எந்தத் தேதி வரை என்று வந்துவிடும், சஸ்பெண்ட் ஆகியிருந்தாலும் தெரியும். இரண்டு நிமிட வேலை. நான் மூன்று டிரைவரின் டி.ஆர். தேதியையும் காலண்டரில் சிவப்பு மையில் வட்டம் போட்டு, தேதிக்கு மூன்று மாதம் முன்னால் ஒரு வட்டமும் போட்டு வைத்திருக்கிறேன். அடி வாங்கிய பிறகு வந்த புத்தி.

தகுதியான லைசென்ஸ் இல்லாத டிரைவர் விபத்து செய்தால், அதைக் காரணம் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி வாதாடலாம் என்று சட்டத்தின் 150-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. அடிபட்டவருக்குக் கம்பெனி பணத்தைக் கொடுத்துவிட்டு அதை ஓனரிடம் வசூல் செய்துகொள்ளச் சொல்லி கோர்ட் உத்தரவிடுவதும் நடக்கிறது. லட்சக்கணக்கில் வரும், வீட்டை விற்க வேண்டியிருக்கும்.

இதையும் சொல்லிவிடுகிறேன். காதுகுத்து, குலதெய்வப் படைப்பு, கிடாவெட்டு என்றால் சொந்தக்காரர்கள் இருபது முப்பது பேரைப் பிக்கப்பின் பின்னால் ஏற்றிப் போவது நம் ஊர் வழக்கம். எந்த எண்டார்ஸ்மென்ட் வைத்திருந்தாலும் இதற்கு அனுமதி கிடையாது. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றினால் டிரைவரின் லைசென்ஸையே தகுதிநீக்கம் செய்யலாம். ஓனர் “கோயிலுக்குத்தானப்பா” என்று சொன்னால் டிரைவர் மறுப்பது கஷ்டம் என்று தெரியும். ஓனர்தான் கேட்காமல் இருக்க வேண்டும்.

கார்டு வரும் விலாசம்

2024 பிப்ரவரி கடைசியிலிருந்து தமிழ்நாட்டில் லைசென்ஸ் கார்டைக் கையில் கொடுப்பதில்லை, தபாலில்தான் அனுப்புகிறார்கள். அதுவரை டிஜிலாக்கரிலோ எம்-பரிவாகனிலோ காட்டினால் செல்லும், 2018-லேயே அதற்கு விதி வந்துவிட்டது.

நம் ஊரில் இந்தத் தபாலில் ஒரு சிக்கல். ஆதாரில் பெரிய வீட்டு விலாசம் இருக்கும். அந்த வீடு ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடியும், முன்வாசல் பூட்டியே கிடக்கும், நாம் பின்கட்டில் ஒரு அறையில் இருப்போம். போஸ்ட்மேன் முன்வாசலில் பெல் அடித்துப் பார்த்துவிட்டு ‘கதவு பூட்டியுள்ளது’ என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார். ஒரே கதவு எண்ணில் நான்கு பங்காளிக் குடும்பம் இருந்தால் கார்டு யார் கைக்காவது போய் அலமாரியில் தூங்கும். கானாடுகாத்தானில் ஒருவருக்கு அவருடைய ஹெவி கார்டு எட்டு மாதம் கழித்து, ஆச்சி ஒருவர் பொங்கலுக்கு வீடு ஒழிக்கும்போது கிடைத்தது. எனவே விண்ணப்பிக்கும்போது இப்போது கையில் இருக்கும் போன் எண்ணைக் கொடுங்கள், விலாசத்தில் எந்தத் தெருப் பக்க வாசல் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், டெஸ்ட் முடிந்த மறுநாளே உள்ளூர் போஸ்ட்மேனிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.